ஆடி இருநூற்றுப் பதினான்கு

எங்கள் ஊர்ச் சந்தையின் நடுவில் நின்று மலைச் சாமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மீதிப் பேர் வெளியூர்க்காரர்கள். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பிலேயே அந்தப் பெயரில் ஐந்து பையன்கள் இருந்தார்கள். வாத்தியார் இனிஷியலைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார். அதிலும் இரண்டு பேருக்கு ஒரே இனிஷியல். அவர்களைப் பெரியவன், சின்னவன் என்று பிரித்தார். பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் சின்னவன் பெரியவனைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டான். பட்டம் மட்டும் மாறவில்லை. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஆளைப் பிரித்துவிடலாம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். அந்த எழுத்தும் ஒருநாள் காலை வாரும் என்பதையும் அங்கேயே பார்த்தேன். முதல் பாடம் மனதில் நின்றது, இரண்டாவது நிற்கவில்லை.

சென்னையில் ஒரு கம்பெனியில் சில வருடம் மென்பொருள் எழுதிவிட்டு ஊருக்கே திரும்பி வந்தேன். இப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். இங்குள்ள சின்னக் கடைகளுக்குத்தான் வேலை. மருந்துக்கடைக்கு ஒன்று, தையற்கடைக்கு ஒன்று, அடி அண்ணாமலையில் வாட்டர் கேன் போடுகிறவருக்கு ஒன்று. கீழ் வீட்டுக்குத் தியானம் பழக வந்து தங்கும் வெள்ளைக்காரர்கள் 'என்ன வேலை' என்று கேட்பார்கள். பொருள்களுக்குப் பெயர் வைக்கிறேன் என்பேன். அதில் ஏதோ தத்துவம் இருப்பதாக நினைத்துக்கொண்டு கைகூப்புவார்கள். நானும் பதிலுக்குக் கைகூப்பிவிடுவேன், காசா பணமா.

என் வாடிக்கையாளர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஆபா. ஆபா என்றால் உருதுவில் அக்கா. அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் அவர்கள் குடும்பத்துக்கு இலவம்பஞ்சு மெத்தைக்கடை. பௌர்ணமி அன்று மட்டும் மெத்தைகளை மாடிக்கு ஏற்றிவிட்டு, கடையைக் கிரிவலம் வருகிறவர்கள் பை வைக்கிற இடமாக மாற்றிவிடுவார்கள். அவருடைய மாமனார் காலத்து வழக்கம் இது. பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறவனுக்குத் தோளில் மூட்டை எதற்கு என்று அவர் ஆரம்பித்தாராம். பையை வாங்கிப் பலகை அடுக்கில் வைத்து, துளை போட்ட தகர வில்லை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். திரும்பும்போது பையில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும். அதை வைத்தே இவர் ஆபா கடையில் பை வைத்தவர் என்று பஸ்ஸில் கண்டுபிடித்துவிடலாம்.

தகர வில்லைகளை ஜனங்கள் பிரசாதம்போல வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்ததும் ஆபா என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் சீட்டு அடித்து, ஒன்றைப் பையில் கட்டி ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். அவருக்கு இரண்டு நிபந்தனைகள்.

"ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒண்ணாம் நம்பர்லதான் தொடங்கணும்மா. மாமா அப்பிடித்தான் செய்வாரு, அதுலதான் பரக்கத்து, விருத்தி."

"சரிங்க ஆபா."

"நம்பரு நீட்டா இருக்கக் கூடாது. கூட்டத்துல நான் கூவணும்."

டேட்டாபேஸ் என்பது மறதியே இல்லாத, ஆனால் சொன்னதை மட்டும் செய்கிற ஒரு கணக்குப்பிள்ளை. ஒவ்வொரு பையும் அதற்கு ஒரு வரி. அந்த வரிக்கு, வேறு எந்த வரிக்கும் இல்லாத ஓர் அடையாளம் வேண்டும். அதன் இஷ்டத்துக்கு விட்டால் எழுத்தும் எண்ணுமாக முப்பதுக்கும் மேல் கோத்து ஒன்றைக் கொடுக்கும். அது உலகத்தில் வேறெங்கும் திரும்ப வராது. ஆனால் ஆபா அதைக் கூவி முடிப்பதற்குள் பைக்குச் சொந்தக்காரர் மலையை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுவார். வெறும் எண்ணாக வைத்தாலோ, பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பதால் போன மாதத்துப் பன்னிரண்டும் இந்த மாதத்துப் பன்னிரண்டும் முட்டிக்கொள்ளும். அதனால் எண்ணுக்கு முன்னால் தமிழ் மாதத்தின் பெயரைச் சேர்த்தேன். சித்திரை பன்னிரண்டு, வைகாசி பன்னிரண்டு. மாதம் பிறப்பதைப் பஞ்சாங்கப்படி கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரு பௌர்ணமி, பௌர்ணமிக்கு ஒரு பெயர். போன வருடத்துப் பை இந்த வருடம்வரை கடையில் கிடக்கப்போவதும் இல்லை. இதைவிடச் சுத்தமாக எவனால் எழுத முடியும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஆபாவுக்கும் அது ரொம்பப் பிடித்துவிட்டது. "பங்குனி நாப்பத்தி ஏழு!" என்று அவர் கூவினால் எதிர்ச்சாரிப் பூக்கடைவரை கேட்கும். தன் பை ஏதோ பட்டம் வாங்கிவிட்டதுபோல ஜனங்கள் சிரித்துக்கொண்டே கை தூக்குவார்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் முடிந்ததும் திரையைக் காலி செய்து, எல்லா வரிகளையும் 'பழையது' என்ற இன்னொரு பட்டியலுக்குத் தள்ளிவிட வழி செய்திருந்தேன். துடைத்த சமையல் மேடைபோலத் திரை பளிச்சென்று இருக்கும். எனக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும்.

பிறகு ஓர் ஆடி வந்தது. அந்த ஆடி முடியப்போகும் சமயத்தில் வந்த பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் நான் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது ஆபாவின் போன் வந்தது.

"இன்னாம்மா, ஒரே நம்பர்ல ரெண்டு பை வருமா?"

"வரவே வராதுங்க ஆபா," என்றேன். குரலில் கொஞ்சம் மிடுக்கு இருந்திருக்கும்.

"வந்துக்குது. வண்டிய எடுத்துனு வா."

மிக்ஸியை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். சாலை முழுக்க நடந்து முடித்தவர்கள் காலைக் கெந்திக்கொண்டு வந்தார்கள். கடையில் ஆபாவுக்கு முன்னால் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். விழுப்புரம் பக்கத்துக்காரர்கள். அந்த அம்மா கையில் சீட்டை வைத்துக்கொண்டு அழாத குறையாக இருந்தார். அவரோ தெருவில் போகிற பஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல நிம்மதியாக இருந்தார்.

நடந்தது இதுதான். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து 'ஆடி 214' என்ற சீட்டை நீட்டியிருக்கிறார். ஆபா அடுக்கிலிருந்து 214 கட்டிய சிவப்புப் பையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு இந்தத் தம்பதி வந்து அதே எண்ணை நீட்டியிருக்கிறார்கள். அடுக்கு முழுக்கத் தேடி, கடைசியில் பரண்மேல் 214 கட்டிய பை ஒன்றை ஆபா இறக்கியிருக்கிறார். அது பச்சைப் பை.

"இது எங்க பையே இல்லீங்க," என்றார் அந்த அம்மா. "எங்களது சிவப்பு."

ஆபா பச்சைப் பையைத் தட்டிக் காட்டினார். பஞ்சு பறந்தது. ஒரு ராத்திரி இருந்த பையில் பஞ்சு ஒட்டும், அவ்வளவுதான். இதன்மேல் போர்வை கணக்காகப் படிந்திருந்தது.

"இது போன பௌர்ணமில யாரோ வாங்காம உட்டுட்டுப் போனது," என்றார் ஆபா. "அவங்க அமானிதம், நம்பிக் குடுத்த பொருளுன்னு மேல தூக்கி வச்சிருந்தேன். ஆனா ரெண்டுலயும் எப்பிடிம்மா ஆடி இருநூத்திப் பதினாலு?"

கம்ப்யூட்டரைத் திறந்தேன். நேற்றைய பட்டியலில் ஆடி 214 ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த அம்மாவின் பெயரில் வாங்கி, 'கொடுத்தாகிவிட்டது' என்று ஆபா முடித்து வைத்திருந்தார். 'பழையது' பட்டியலைத் திறந்தேன். அங்கேயும் ஓர் ஆடி 214.

"போன பௌர்ணமி ஆனி மாசந்தானே?" என்றேன்.

"ஆமா, ஆனிதான்," என்றார் ஆபா. தம்பதியில் அந்த அம்மாவும் ஆனி என்றார். டீ வாங்கப் போகும் வழியில் எட்டிப் பார்த்த பக்கத்துக் கடைக்காரரும் ஆனி என்றார். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். போன பௌர்ணமி, ஆடி பிறந்த கையோடு வந்திருந்தது. நேற்றைய பௌர்ணமி, ஆடி முடிவதற்குள் வந்துவிட்டது. ஒரே ஆடிக்குள் இரண்டு பௌர்ணமி. எங்கள் ஊரில் பௌர்ணமிதான் மாதம். வாடகை கேட்பதும், வட்டி கேட்பதும், மாமியார் வீட்டுக்குப் போவதும் பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான். ஒரு மாதத்துக்குள் இரண்டு வரும் என்று இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்குத் தோன்றவே தோன்றாது. வேறு ஊர்க்காரி எழுதியிருந்தால் ஒருவேளை பஞ்சாங்கத்தைப் புரட்டியிருப்பாள்.

"போன தடவையும் ஆடினுதான் கூவுனேன், இந்தத் தடவையும் ஆடினுதான் கூவுனேன்," என்று ஆபா தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டார். "இந்தத் தொண்டைக்குத் தெரியலயே பாரு!"

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை.

"பைல இன்னாம்மா இருந்துச்சு?" என்றேன்.

"வேட்டி துண்டு போனாப் போவுது. இவரு காது மிஷினு அதுல இருக்குதும்மா. நடக்கையில வேர்வை பட்டுக் கெட்டுடும்னு கழட்டி டப்பால போட்டு வச்சாரு."

கணவருக்கு எதுவும் கேட்கவில்லை. முப்பது வருடம் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது போய்விட்டதாம். மிஷின் போன சித்திரையில்தான் வந்தது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில்.

"வூட்ல ரெண்டே பேரு," என்றார் அந்த அம்மா. "மிஷின் வர்றதுக்கு முன்னாடி அத்தினி வருசமும் நான் ஒருத்திதாம்மா பேசினு இருந்தேன். செவுத்துகிட்ட பேசுறாப்புல. இப்பத்தான் நாலு மாசமா பதில் வருது. மறுபடியும் என்னால அப்பிடி இருக்க முடியாது."

சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பி, "ஏங்க, கால் வலிக்குதா?" என்றார்.

"ஆமாமா, நல்ல கூட்டம்," என்றார் அவர்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பழைய வரியில் போன் நம்பர் இருந்தது, நல்ல வேளை. அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். பச்சைப் பைக்குச் சொந்தக்காரி அவர்தான், கீழ்பென்னாத்தூர். போன பௌர்ணமியில் அடி அண்ணாமலை தாண்டும்போது காய்ச்சலில் தலை சுற்றி விழ, வேன் பிடித்து நேரே வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். இந்தப் பௌர்ணமிக்குத் தம்பி நடக்க வருவதால் சீட்டை அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பை என்ன நிறம் என்று தம்பிக்குத் தெரியாது. தம்பியின் நம்பரை வாங்கி அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆபா அடித்தார், நான் அடித்தேன், அக்காவும் அங்கிருந்து அடித்தார்.

தம்பதிக்கு மத்தியானம் ஊருக்கு பஸ். டிரைவர், மனைவியின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "உடு. மலைய சுத்தி வந்துட்டோம், அதுவே போதும்," என்றார். மனைவி அவரை முறைத்தார்.

"அல்லா மேல பாரத்தப் போட்டு ஒக்காரும்மா," என்றார் ஆபா. "இந்தக் கடையில ஒரு பை போனதா சரித்திரம் இல்ல. நீங்க வாங்காம இங்கேர்ந்து எழுந்திரிக்க வாணாம்." அவர் குரலில் அதட்டல் இருந்தாலும் கை துப்பட்டாவின் முனையைத் திருகிக்கொண்டே இருந்தது. எல்லோருக்கும் டீ வந்தது. டிரைவருக்கு மட்டும் சர்க்கரை கம்மி.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கம்ப்யூட்டரை இழுத்துக்கொண்டேன். ஒரு பட்டியலுக்குள் ஒரே அடையாளம் இரண்டு முறை வரக்கூடாது என்று டேட்டாபேஸுக்குக் கட்டளை போட்டிருந்தேன். அது நாய்போலக் காவல் காத்தது, ஆனால் அந்த ஒரு வாசலை மட்டும். பின்வாசல் வழியாக 'பழையது' பட்டியலுக்குப் போன பச்சைப் பையை அது கண்டுகொள்ளவில்லை. திரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற என் சுத்தம், வாங்காத பையையும் வாங்கிய பையோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளியிருந்தது. பையைத் திருப்பிக் கொடுக்கிறவரை அது பழையது ஆகாது. அதனால், கொடுக்காத பை எத்தனை பௌர்ணமி போனாலும் நடப்புப் பட்டியலிலேயே இருக்கட்டும் என்று முதலில் மாற்றினேன்.

அடுத்தது முன்னெழுத்து. மாதத்தை இனி நம்ப முடியாது. தேதியைச் சேர்த்தால் நீளும், ஆபா விடமாட்டார்.

"ஆபா, பௌர்ணமிக்கு ஒரு எழுத்து. க, கா, கி, கீ. இந்தத் தடவை க-ன்னா அடுத்த தடவை கா. மாசத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தீர்ற வரைக்கும் திரும்ப வராது."

"எத்தினி நாள்ல தீரும்?"

"உயிர்மெய் எழுத்தே இருநூத்திப் பதினாறு இருக்குதுங்க. பதினேழு வருசத்துக்கு மேல தாங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க பேரன் வேற யார்கிட்டயாவது எழுதி வாங்கிக்கட்டும்."

ஆபா மனதுக்குள் ஒருமுறை கூவிப் பார்த்தார். உதடு அசைந்தது. "கா இருநூத்திப் பதினாலு. காக்கா கத்துறாப்புல இருக்குது. ஆடிதான் நல்லா இருந்துச்சு," என்றார். பிறகு, "ங வரிசைய மட்டும் எடுத்துடு, அத எப்பிடிக் கூவுறது," என்று சேர்த்துக்கொண்டார். எடுத்துவிட்டேன்.

இந்தப் பேச்செல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் ஆள் சிவப்புப் பையைக் கையை நீட்டி, உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடைக்குள் வந்தார். கீழ்பென்னாத்தூர்த் தம்பிதான். அந்த அம்மா சட்டென்று எழுந்துவிட்டார்.

"இன்னாங்க ஆபா, பைல இன்னா வச்சுக் குடுத்தீங்க?" என்றார் அவர் மூச்சு வாங்க. "பஸ்ஸுல ஒக்காந்து மடில வச்சேன், கீ...ன்னு கத்துது. அமுக்குனா ஜாஸ்தியா கத்துது. பக்கத்துல இருந்தவரு பாம்புன்றாரு, ஒரு பாட்டி எலின்றாங்க. கண்டக்டரு வண்டிய நிறுத்தி, பையோட என்னியும் எறக்கி உட்டுட்டாரு. ரோட்டோரமா வச்சு, குச்சியால தெறந்து பாத்தா ஆம்பள வேட்டி. எங்கக்கா எங்க வேட்டி கட்டுது? அப்பத்தான் தெரிஞ்சுது, பை மாறிப்போச்சுன்னு. எதுக்க வந்த பஸ்ஸப் புடிச்சு ஓடியாறேன்."

"போன் பண்ணோமே," என்றேன்.

"எல்லாரும் பையப் பாத்துக் கத்தினு இருந்தா போன் எங்கம்மா கேக்குது?"

அந்த அம்மா பையைப் பிடுங்காத குறையாக வாங்கித் திறந்தார். துண்டுக்கடியில் சின்ன டப்பா இருந்தது. அதற்குள்ளிருந்து இன்னமும் மெலிசாக 'கீ' என்று கேட்டது. காதிலிருந்து கழற்றியும் அணைக்காமல் வைத்த மிஷின் அப்படித்தான் விசிலடிக்குமாம்.

"எத்தினி தடவ சொல்லிக்கிறேன், ஆஃப் பண்ணிட்டு வைங்க, பேட்டரி போயிடும்னு!" என்று கணவரைப் பார்த்துப் படபடவென்று பொரிந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ஒரு தடவையாச்சும் கேட்டாத்தானே! எப்பவும் உங்க இஷ்டந்தான்! இப்பப் பாருங்க..." அங்கே நிறுத்திவிட்டார். கணவர் சொன்னதைக் கேட்டு அணைத்திருந்தால் பை இந்நேரம் சத்தமில்லாமல் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அந்த அம்மாவுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

தம்பி பச்சைப் பையை வாங்கி, முதலில் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தோளில் மாட்டினார். ஆபா அவருக்கும் டீ சொன்னார். நான் பழைய ஆடி 214-ஐயும் 'கொடுத்தாகிவிட்டது' என்று முடித்தேன்.

டிரைவர் டப்பாவைத் திறந்தார். மிஷினை வேட்டி நுனியில் துடைத்து, கண்ணாடி முன் நிற்பவர்போலத் தலையைச் சாய்த்துக் காதில் பொருத்தினார். விசில் நின்றது. தெருச் சத்தம் வந்து மோதியதில் ஒரு கணம் முகம் சுளித்தது. பிறகு மனைவி பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"ம். இப்பப் பேசு," என்றார்.

காலையிலிருந்து ஓயாமல் பேசிய அந்த அம்மா பையைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "கால் வலிக்குதானு கேட்டேன்."

"வலிக்குது," என்றார் அவர். "உனக்கு?"